வயர்மேன் வீட்டு நெட்

அந்தத் தெருவில் வயர்மேன் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கை நீட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; வங்கியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி கழித்துத்தான் எழுந்திருப்பார். மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினால்கூட "வயர்மேன் வந்திருக்கேன்" என்றுதான் குரல் கொடுப்பார்.

ஆள் வேலையில் புலி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே தலைகுனிந்து உட்கார நேர்ந்தது வேலை தெரியாததால் அல்ல. மீசை அரும்புகிற வயதில் ஸ்விட்ச் பேனல் செய்யும் பட்டறையில் சேர்ந்தவர். தகரம் வெட்டினார், வளைத்தார், துளை போட்டார். யாரோ திறந்துபோட்டுவிட்டுப் போன ஒரு பேனலில் தெரியாமல் கை வைத்து, கூட வேலை செய்தவர் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணெதிரே பார்த்தார். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் கை பழையபடி மடங்கவே இல்லை. அன்றிலிருந்து வயர்மேனுக்கு ஒரே சட்டம்தான். பேனலைத் திறந்தால் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளியே கிளம்பினால் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சாப்பிட மறந்தாலும் இதை மறக்க மாட்டார்.

அவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தொங்குகிற வயரைப் பார்த்தால் தாங்காது. மூக்கு ஒழுகும் பிள்ளையைப் பார்த்த தாய் மாதிரி உடனே துடைத்துவிட வேண்டும் அவருக்கு. விருந்துக்குப் போன வீட்டில் டிவிக்குப் பின்னால் நாலு வயர் தொங்கினால் சாப்பாடு இறங்காது. இலேசாக நகர்ந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்துதான் கை கழுவுவார். அதனால் சொந்த வீட்டில் ஒரு வயர்கூடக் கண்ணில் படாது. கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போகிற நடையில், சுவரோடு சுவராக ஒரு இரும்பு அலமாரி வைத்திருக்கிறார். அவரே செய்தது. கனமான தகடு, ஓரமெல்லாம் ரப்பர், சாம்பல் பெயின்ட். கதவைச் சாத்தினால் ஒரு எறும்பு உள்ளே போக முடியாது. மெயின் ஸ்விட்ச், ஃபியூஸ், மணி அடிக்கிற பெட்டி, அவருடைய டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதற்குள்தான். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியம் அதைத் திறந்து கைச்சாமானை அடுக்குவது. வீட்டில் இருக்கிற வரைக்கும் திறந்திருக்கும். கிளம்பும்போது பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நெட் வந்தது.

வந்தது அவர் மனைவிக்காக. அந்த அம்மாளுக்குக் குரல் நல்ல குரல். போனில் கேட்டால் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் கற்றவள். கற்றதோடு சரி. அதன் பிறகு சமையல், மகள், மகளின் பள்ளிக்கூடம், மகளின் கல்லூரி என்று காலம் போய்விட்டது. மகளும் வேறு ஊரில் வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்றிருந்தது. ஒரு நாள் காதுவலிக்குக் கிளினிக் போயிருந்தபோது, வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இவள் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, அங்கே இருந்த மேனேஜர் அம்மா கூப்பிட்டுக் கேட்டார். "போன்ல பேசி டாக்டர் நேரம் குடுக்கிற வேலை இருக்கு. செய்றீங்களா? இங்க வந்தும் உக்காரலாம், வீட்லேர்ந்து கம்ப்யூட்டர்லயும் பாக்கலாம், கால் எல்லாம் அதுலயே வரும்."

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று வயர்மேனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சட்டென்று சொல்லாமல், காய் நறுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்து, கடைசியில்தான் சொன்னாள். அவர் நல்ல மனிதர், தடுக்கவில்லை. "எதுக்கு அங்க போய் அலையணும்? நான் நெட் எடுத்துத் தரேன். ராணி மாதிரி வீட்லயே உக்காந்து பாரு" என்றார். சொன்னபோது ஏதோ கோட்டையே கட்டித் தருகிற தோரணை.

நெட் கம்பெனி ஆள் வந்தார். வைஃபை பெட்டியைக் கூடத்து ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போனார். பெட்டிக்குப் பின்னால் கறுப்பும் மஞ்சளுமாக வயர் தொங்கியது. வயர்மேன் அதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். சாயங்காலமே இரும்பு அலமாரியில் ஒரு துளை போட்டு, வயரை உள்ளே இழுத்து, பெட்டியையும் உள்ளே தூக்கி வைத்து, இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார். கூடம் பளிச்சென்றானது.

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே பெட்டியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, போய்த் தட்டினார். திரையில் பக்கத்து வீட்டுக்காரர்களின் நெட் பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன. அதில் தன் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு தடவை தப்பு, மூன்றாம் தடவை வந்துவிட்டது. மூலையில் நெட் வருவதைக் காட்டும் குட்டி விசிறிப் படம் முழுசாக நிறைந்தது.

"வந்துடுச்சா?" என்றாள் அவள்.

"வயர்மேன் வீட்ல வராம?" என்றார் அவர்.

திங்கட்கிழமை அவள் குளித்து, தலை வாரி, வெளியே போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கிளினிக்கில் ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். வயர்மேன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தைரியமா பேசு" என்று சொல்லி, அலமாரியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

நெட் பட்டென்று போய்விட்டது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது அவள் உள்ளறை வாசலிலேயே நின்றிருந்தாள். "பேசிக்கிட்டே இருக்கும்போது கட்டாயிடுச்சுங்க. அப்புறம் வரவே இல்ல."

அவர் அலமாரியைத் திறந்தார். பெட்டியில் விளக்கெல்லாம் ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். விசிறி முழுசாக இருந்தது. எதையோ தட்டினார், திறந்தது.

"ஓடுதே. நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"ஒண்ணும் பண்ணாம எப்படிப் போகும்? எதையாவது அமுக்கியிருப்பே."

சாப்பிட்டார், கை துடைத்தார், பூட்டினார், போனார். மறுபடியும் போய்விட்டது.

இப்படியே நாலைந்து நாள் நடந்தது. சொல்லிவைத்த மாதிரி அவர் வீட்டுக்குள் கால் வைத்தால் நெட்டும் வந்தது, அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நெட்டும் போனது. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். வயர்மேனுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை, யோசிக்கவே விடவில்லை. தான் வந்தால் சரியாகிறது என்றால் தனக்கு வேலை தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் கணக்கு.

முதல் நாள் "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றவள், புதன்கிழமை "என்ன பண்ணினேன்னு தெரியலீங்க" என்றாள். வியாழக்கிழமை "ஏதோ பண்ணிட்டேன் போலிருக்கு" என்றாள். வளையல் பட்டு ஏதாவது அமுங்குகிறதோ என்று வளையலைக் கழற்றி வைத்தாள். மௌஸைச் சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி நுனிவிரலால் தொட்டாள். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்ட ஒரு தாய் பாதிப் பேச்சில் துண்டிக்கப்பட்டு, கிளினிக்குக்கு நேரே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதை மேனேஜர் அம்மா போனில் சொன்னபோது இவள் நின்ற இடத்திலேயே அழுதாள். மத்தியானம் வந்த வயர்மேன் அந்த அழுகையையும் பார்த்தார். "இதுக்கெல்லாமா அழுவாங்க? எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்று தேற்றினார். தேற்றினதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய் சும்மா இருக்கவில்லை. சாமான் வாங்கப் போன ஹார்டுவேர் கடையில், "என் வீட்டுக்காரி நாற்காலியில உக்காந்தா போதும்ப்பா, நெட்டு எழுந்திரிச்சு ஓடிடுது" என்று எடுத்துவிட்டார். கடையே சிரித்தது. சிரிப்பு வந்ததும் இன்னும் கொஞ்சம் கை, கால், மூக்கு வைத்து அடுத்த இடத்திலும் சொன்னார். மகளிடமும் போனில் சொன்னார். மகளும் சிரித்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "அம்மா, உனக்கு எதுக்கு இந்த வயசுல இந்தக் கஷ்டம்? நிம்மதியா இரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பல்பு வாங்கப் போன மனைவியிடம் ஹார்டுவேர் கடைக்காரர், "என்னக்கா, இன்னிக்கு நெட்டு எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து பல்பை மேசைமேல் வைத்துவிட்டு, மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்குக் கை வரல மேடம். தப்பு என்மேலதான். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொன்னாள். அந்த அம்மா நல்ல மாதிரி. "அவசரப்படாதீங்க, நாளை சாயங்காலம் வரைக்கும் யோசிச்சிட்டுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று இவள் வயர்மேனிடம் சொன்னாள். அவரும் "விடு, போகுது" என்றார்.

சனிக்கிழமை காலை ஒரு வீட்டில் ஏணியிலிருந்து இறங்கும்போது வயர்மேனுக்குக் கால் பிசகிக்கொண்டது. அரை நாளோடு நொண்டிக்கொண்டு வந்தார். மனைவி கடைவீதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீங்க நடக்காம படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் கைச்சாமான் பையை அப்படியே கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார், அலமாரியைத் திறக்கவில்லை. படுத்துப் பார்த்தார், தூக்கம் வரவில்லை. மகளோடு முகம் பார்த்துப் பேசலாமே என்று உள்ளறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

விசிறி இல்லை. பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் இருந்தன, தன் வீட்டுப் பெயரை மட்டும் காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. கடைசியாக அவள் எதையோ அமுக்கித் தொலைத்துவிட்டாள் என்று நினைத்தார். அமுக்கக் கூடாது என்று அவளிடம் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாக அமுக்கினார். நிறுத்தினார், போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பெட்டியைப் பார்ப்போம் என்று நொண்டிக்கொண்டே நடைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். விளக்கெல்லாம் எரிந்தது. திரும்பி வந்தால் விசிறி முழுசாக நின்றது.

அப்போதும் உறைக்கவில்லை. பழக்கம் பாருங்கள், கால்வலியில் கண்ணயர்ந்துவிட்டால் பேனல் திறந்து கிடக்குமே என்று அலமாரியைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விசிறி போய்விட்டிருந்தது.

எழுந்து போய்த் திறந்தார். வந்தது. சாத்தினார். போனது. இன்னொரு தடவை திறந்தார்.

வயர்மேன் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். தெரியாத விஷயம் என்றால்கூட மனம் ஆறும். இது தெரிந்த விஷயம். பெரிய கட்டடங்களில் பேனல் அறைக்குள் போனால் செல்போன் செத்துவிடும் என்று அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்! "பேனல் ரூம்ல இருந்தேன், தகடு, சிக்னல் வராது" என்று எத்தனை பேருக்கு அவரே விளக்கியிருக்கிறார்! அதே தகட்டை வளைத்து, ஓரம் கட்டி, உள்ளே நெட் பெட்டியை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கிறார். போன வழியெல்லாம் அவளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்.

உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதுகூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உடனே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. அவள் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கால்வலியைக்கூடப் பொருட்படுத்தாமல் பெட்டியைக் கழற்றி, கூடத்து ஷெல்ஃபிலேயே கொண்டுபோய் வைத்தார். வயர் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டார்.

அவள் பையோடு உள்ளே வந்தாள். "படுங்கன்னா என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"சும்மா, இடத்த மாத்திப் பாத்தேன். இப்ப போய்ப் பாரு."

அவள் போகத் தயங்கினாள். அவர்தான் வற்புறுத்தி உட்கார வைத்தார். வந்தது. போகாமல் இருந்தது. அவர் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தார், அப்போதும் இருந்தது. அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் மெதுவாக முகம் மலர்ந்தது. உடனே மகளைக் கூப்பிட்டாள். "அப்பா என்னமோ பண்ணினார்டி. கால் வலியோட நின்னு சரி பண்ணிட்டார். எனக்குத்தான் மண்டையில ஏறல. அவர் கை பட்டா எல்லாம் ஓடுது."

"அப்பா கை அப்படி" என்றாள் திரையிலிருந்து மகள்.

வயர்மேன் பக்கத்திலேயே நின்றிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பாராட்டு ஒவ்வொரு சொல்லாக வந்து அறைந்தது. செய்த தப்பை மறைத்தது போதாதென்று அதற்கே நல்ல பெயரும் வாங்குகிறோம் என்று பட்டபோது, தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. மகள் பேசி முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இந்தா, இங்க வா" என்றார். "நீ எதையும் அமுக்கல. ஒரு நாள்கூட அமுக்கல. நான்தான் பெட்டியத் தகட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேன். பூட்டினா நெட்டு வெளிய வராது. நான் வந்து திறந்தா வரும்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். பேச்சில் புரியாததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திக் காட்டினார். அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று விசிறி மறைவதைப் பார்த்தாள். பிறகு அவளே வந்து திறந்தாள். போய்ப் பார்த்தாள். சாத்தினாள், போய்ப் பார்த்தாள். அவர் போதும் என்று சொல்லத் தயங்கி ஓரமாக நின்றார். அவள் நிறுத்தியபோது முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

"திங்கக்கிழம நல்ல புடவ கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே," என்றாள், "அன்னிக்கும் இதானா?"

"ஆமா."

"குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு அம்மா பேசினாங்களே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் இதான்."

அவள் அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "ஒரு நாளாவது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கலாம் நீங்க. தினமும் நீ என்ன பண்ணினேன்னுதான் கேட்டீங்க. நீங்க கேட்டுக் கேட்டு, நான் என்னமோ பண்ணியிருக்கேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

 அவள் சொன்னது அத்தனையும் சரி. "தப்புதான்" என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு, "கிளினிக்குக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன், வேலை உனக்கே வேணும்னு" என்றார்.

"வேண்டாம். தப்பு என்னுதுன்னு நான்தானே சொன்னேன்? இல்லைன்னும் நானே சொல்லிக்கிறேன்."

போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். சாயங்கால நேரம், மேனேஜர் அம்மா குரலுக்குப் பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. வயர்மேன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிளினிக்கின் வயரிங் முழுவதும் அவர் செய்தது. ஏதோ கோளாறு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லி அவள் முடித்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் மானத்தை அவள் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறாள். இப்போதும் அதையே எதிர்பார்க்கிறோமே என்று நினைத்தபோது இன்னும் கூனிப்போனார்.

"மேடம், நேத்து என்மேல தப்புன்னு சொன்னேன்ல, அது என் தப்பில்ல" என்றாள். "என் வீட்டுக்காரர் நெட் பெட்டிய இரும்பு அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்கார். அதான் கட்டாயிருக்கு. இப்ப சரியாயிடுச்சு. எனக்கு வேலை தெரியாம இல்ல."

"யாரு, நம்ம வயர்மேனா?"

"ஆமா மேடம். அவர்தான்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. யாரிடமோ திரும்பி இதைச் சொல்வதும், அங்கேயும் யாரோ சிரிப்பதும் கேட்டது. வயர்மேனும் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, கூடச் சிரிக்கிறாளா என்று மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"அப்ப திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி பாக்கறீங்களா?" என்று மேனேஜர் அம்மா கேட்டார்.

"பாக்கறேன் மேடம். ஒண்ணே ஒண்ணு. வீட்லேர்ந்து வேண்டாம், அங்கேயே ஒரு மேசை குடுங்க. நான் வந்துடறேன்."

"ஏம்மா? இப்பதான் நெட்டு சரியாயிடுச்சுன்னீங்க?"

"நெட்டு நல்லாத்தான் வருது மேடம்" என்றாள் அவள். "இந்த நாற்காலியில உக்காந்தாத்தான் எனக்குக் கை நடுங்குது."

மேனேஜர் அம்மா சரி என்றார். காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். வயர்மேன் தரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.